ஆறு மணி ஓட்டை

கம்பெனி தன் செலவில் ஒருவனைப் படிக்க அனுப்புகிறது என்றால், ஒன்று அவன் முதலாளிக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும், இல்லை அவனை ஏதோ செய்யப் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் முதலாளி ஓமானி. நான் அறந்தாங்கிப் பக்கம். எந்த வழியில் சுற்றினாலும் சொந்தம் வரவில்லை. ஆகவே என்னை ஏதோ செய்யப் போகிறார்கள்.

சோஹார் துறைமுகத்தை ஒட்டிய பிளான்டுகளில் கான்ட்ராக்ட் எடுக்கிற கம்பெனி எங்களுடையது. அதில் பல வருஷமாக எனக்கு ஃபயர் வாட்ச் வேலை. வெல்டர் வெல்டிங் அடிப்பார், பொறி பறக்கும், நான் தீயணைப்பு சிலிண்டரோடு பக்கத்தில் நின்று ஒவ்வொரு பொறியும் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் உலகத்தில் போலீஸுக்கு அடுத்து இதுதான். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை சிலிண்டரை அடித்திருக்கிறேன். தகரத்தில் பட்டுத் தெறித்த சாயங்கால வெயிலை நெருப்பு என்று நினைத்துவிட்டேன். வெள்ளைப் பவுடர் அடங்கியபோது அதற்குள்ளிருந்து எங்கள் சேஃப்டி ஆபீசர் இட்லி மாதிரி வெளியே வந்தார்.

அப்படிப்பட்டவனைத்தான் இந்தக் கோடையில் கூப்பிட்டு, பைப் வெல்டிங் பழகிக்கொள் என்றார்கள். ஃபயர் வாட்ச் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். வெல்டிங்கில் பாஸானால் வெல்டராக இருக்கலாம். ஃபெயிலானால் விசா கேன்சல், டிக்கெட், அரபியில் கலாஸ், கதை முடிந்தது.

இதைச் சொன்ன ஆபீஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். போதாததற்கு எனக்குப் புதுத் தோல் ஜாக்கெட்டும் கையுறையும் கொடுத்தார். கிழிந்ததைக் கொடுத்திருந்தால் நம்பியிருப்பேன். புதுசு கொடுத்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

கேன்சல் ஆனால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் என் மனைவியின் தம்பி மாவு மில் வைத்திருக்கிறான். செய்தி எப்படிப் போனதோ, அன்று சாயங்காலமே போன் பண்ணினான்.

"அத்தான், எதுக்கு இந்த வயசுல தீயிலயும் புகையிலயும்? வந்துருங்க. நம்ம மில்லுல கல்லாவுல உக்காந்துக்கலாம்."

"ஏன்டா, நான் பாஸ் பண்ண மாட்டேன்னு இப்பவே முடிவு பண்ணிட்டியா?"

"சேச்சே. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அத்தான். நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன்."

பேச்சுக்குச் சொல்கிறவன் எதற்கு நாற்காலி வாங்குகிறான்? அவன் மில் கல்லாவில் உட்காருவது என்றால், மூட்டை வரும்போதெல்லாம் எழுந்திருப்பது என்று அர்த்தம். நாற்பத்தெட்டு வயதில், ஊரே மிளகாய் அரைக்க வருகிற இடத்தில், மச்சினன் விசில் அடிக்க நான் மூட்டை தூக்குவதை நினைத்துப் பார்த்தேன். வெல்டிங்கே தேவலை என்று தோன்றியது.

கோடை வந்தால் இங்கே உச்சி வெயிலில் ஆளை வெளியே வைத்து வேலை வாங்கக் கூடாது. அந்த மத்தியான ஓய்வு நேரத்தில்தான் எங்களை வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். சோஹாரில் ஒரு டெக்னிக்கல் காலேஜ், பிள்ளைகளுக்கு லீவு, அதனால் பட்டறை காலி. வேன் டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். ஆபீஸில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும், நடக்காதது அதற்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

முதல் நாள் வேனில் எல்லோரும் செத்த மீன் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அப்படி இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. போன கோடையில் டேங்க் மேலே நான் வெயிலில் மயங்கி விழுந்த கதையை எடுத்துவிட்டேன். கண் சொருகியது, காது அடைத்தது, நாக்கு வெளியே வந்தது, தூக்கிக்கொண்டு ஓடினார்கள், உயிர் போய்ப் போய் வந்தது என்று சீட்டிலேயே சாய்ந்து விழுந்து நடித்தும் காட்டினேன். உண்மையில் அன்றைக்கு நான் நிழலில் நன்றாகத் தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். வேனே சிரித்தது, ஒருவரைத் தவிர.

அவர் வவுனியாக்காரர். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. நான் விழுந்ததையும் எழுந்ததையும் துணிக்கடையில் கஜம் அளக்கிறவர் மாதிரி மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குப் பிறகு டொக்டரிட்டக் காட்டேல்லையோ அண்ணை?"

நல்ல ஜோக்குக்குச் சிரிக்காத மனுஷனை நான் நம்புவதில்லை. அன்றைக்கே அவரைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

பட்டறையில் வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் திரை. திரைக்கும் தரைக்கும் இடையே முழங்கால் உயரம் வெற்றிடம். கடைசித் தடுப்பு எனக்கு, அதற்கு முந்தியது வவுனியாக்காரருக்கு. அவருக்கு எதிரே நடைபாதையின் அந்தப் பக்கம் கிரைண்டிங் மேஜை. மேஜைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெரிய டிரம் ஃபேன். கொட்டகை முழுவதற்கும் அது ஒன்றுதான் காற்று.

சொல்லிக்கொடுத்தவர் திருச்சூர்க்காரர். மாஷ் என்று கூப்பிட்டோம். இடுப்பில் சாவிக்கொத்து, நடந்தால் சலங்கை மாதிரி சத்தம். என்னைவிடச் சின்னவர் என்பதால் என்னை சேட்டா என்பார், திட்டும்போதும்.

பைப் வெல்டிங்கில் முதல் பாடம், பைப் நகராது, நாம்தான் அதைச் சுற்ற வேண்டும் என்பது. சரிவாகச் சீவிய இரண்டு குழாய்த் துண்டுகளை வாயோடு வாய் வைத்து, நடுவே கொஞ்சம் சந்து விட்டு, படுக்கை வசத்தில் ஸ்டாண்டில் மாட்டிவிடுவார்கள். அந்த வட்டத்தைக் கடிகாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அடிப்பக்கம் ஆறு மணி, உச்சி பன்னிரண்டு. ஆறிலிருந்து ஒன்பது வழியாகப் பன்னிரண்டுக்கு ஏற வேண்டும், திரும்ப ஆறுக்கு வந்து மூன்று வழியாக இன்னொரு தடவை. ஆறு மணியில் வேலை செய்ய, தகர டப்பாமேல் உட்கார்ந்து, காரின் அடியில் பார்க்கிற மெக்கானிக் மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். வலது கையில் நெருப்பு, இடது கையில் கம்பி. நெருப்பு வருகிற டார்ச்சின் முனையைச் சுற்றி ஆர்கான் கேஸ் வரும்.

"கேஸ் ஒரு புதப்பு மாதிரி சேட்டா," என்றார் மாஷ். "இரும்பு உருகும்போ அதைப் புதைச்சு வெக்கும். புதப்பு நீங்கியால் இரும்புக்குப் பனி பிடிக்கும். குமிழ் வரும், ஓட்டை விழும்."

புதப்பு என்றால் போர்வை, பனி என்றால் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். ஆனால் காய்ச்சல் வந்தது இரும்புக்கு மட்டுமில்லை.

ஆரம்பத்தில் என் வேலையில் எல்லாக் குறையும் இருந்தது. ஒட்டவில்லை, வழிந்தது, கம்பி போய்க் குழாயோடு ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் நியாயமான குறை, எனக்கு வருத்தமில்லை. மெல்ல மெல்ல வரி நேராக வர ஆரம்பித்தது. மூன்று மணியில் அழகு, ஒன்பதில் அழகு, பன்னிரண்டில் மாஷே தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆறு மணியில் மட்டும் ஓட்டை. ஊசியால் குத்திய மாதிரி, பூச்சி அரித்த மாதிரி, வரிசையாக.

மாஷ் வந்து, "எங்கே, என் முன்னால செய்யுங்கள்," என்பார். செய்வேன். ஓட்டையே இருக்காது. பாத்திரம் கழுவின மாதிரி பளபளவென்று வரும். அவர் போவார். சாவிச் சத்தம் தூரமாகும். திரும்ப அடிப்பேன். ஓட்டை.

"நான் நில்க்கும்போ வரல. நான் போனா வருது. சேட்டன் என்னைக் களியாக்குவதா?"

"சத்தியமா நான் கேலி பண்ணல மாஷே. என்னைத்தான் யாரோ களியாக்குறாங்க."

அதோடு இன்னொரு வினோதம். தனியாக உட்கார்ந்து ஆறு மணியில் நெருப்பை வைத்தேன் என்றால் கொஞ்ச நேரத்தில் என் முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று ஆகும். தலையில் இரும்பு முகமூடி, உடம்பில் தோல் ஜாக்கெட், உள்ளே ஆள் வெந்துகொண்டிருக்கிறான், காலில் மட்டும் பனிக்காலம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பயம். பயந்தால் கை கால் ஜில்லிடும் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். மாஷ் பக்கத்தில் இருந்தால் தைரியம், அதனால் ஜில்லிடுவதில்லை. அவர் போனால் மாவு மில் ஞாபகம் வருகிறது, ஜில்லிடுகிறது, ஓட்டை விழுகிறது. என் பயத்தை நானே கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் பயத்துக்கு இரும்பில் ஓட்டை போடத் தெரியுமா? அங்கேதான் இடித்தது. என் காலைப் பயம் பிடித்திருக்கலாம், குழாயை யாரோ ஆள்தான் பிடித்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் டிரைவர் வேனில் ஒரு குண்டைப் போட்டார். "பாஸானவங்க எல்லாரையும் எடுக்க மாட்டாங்களாம்ணே. பக்கத்துப் பக்கத்துத் தடுப்புல ரெண்டு பேருன்னா, அதுல ஒருத்தருதானாம்."

நான் திரும்பி வவுனியாக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக விளங்கியது. தினமும் உள்ளே நுழையும்போது அவர் கேட்பார். "இண்டைக்கு எப்பிடி அண்ணை, தலை கிலை சுத்துதோ?"

"ஏம்ப்பா, சுத்துனா ஒனக்கு வசதியா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"இல்ல, ஒருவேள நான் விழுந்துட்டா என் எடம் காலியாகுமே, அதான் கேட்டேன்."

"விழ மாட்டியள் அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

பாத்துக்கொள்ளுறானாம். எங்கள் ஊரில் ஒருவன் அப்படிச் சொன்னால் அன்றிரவு வைக்கோல்போருக்குக் காவல் போடுவோம். நான் ஃபயர் வாட்ச் மூளையை முழுசாக இறக்கிவிட்டேன். என் வெல்டிங் கம்பிகளின் நுனியில் கோடு கிழித்து வைத்தேன், மாற்றினால் தெரியும். கேஸ் சிலிண்டரின் திருகில் சாக்பீஸால் அடையாளம் போட்டேன், திருகினால் தெரியும். சாப்பிடப் போகும்போது திரையில் நூல் கட்டிவிட்டுப் போனேன். குழாயைத் துடைக்கிற துணியை மோந்து பார்த்தேன், எண்ணெய் தடவியிருக்கலாம். அவர் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் நீட்டினார். வாங்கி, நன்றி சொல்லி, பட்டறை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு, செடி வாடுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். செடி முன்னைவிடத் தழைத்திருந்தது.

கம்பியில் கோடு அப்படியே இருந்தது. சாக்பீஸ் அடையாளம் அசையவில்லை. நூல் அறுபடவில்லை. சாதாரண மனுஷன் என்றால் இதைப் பார்த்துச் சந்தேகத்தை விட்டிருப்பான். எனக்கு அது இரட்டிப்பானது. ஒரு தடயம்கூட வைக்காமல் செய்கிறான் என்றால் இவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்!

டெஸ்டுக்கு முதல் நாள் மாஷ் எல்லோருடைய பயிற்சித் துண்டையும் அறுத்து, பட்டையாக எடுத்து, பிரஸ்ஸில் வைத்து வளைத்தார். நல்ல வெல்டிங் என்றால் பட்டை லாடம் மாதிரி வளையும், விரிசல் விடாது. என்னுடையதில் பன்னிரண்டு மணிப் பட்டை லாடமாக வளைந்தது. ஆறு மணிப் பட்டை வளைய ஆரம்பித்ததுமே கொட்டாவி விட்டது. பிளந்த வாய்க்குள் ஓட்டைகள் பல் மாதிரி தெரிந்தன.

"நாளைக்கு இது போலன்னா மாஃபி ஃபாய்தா சேட்டா," என்றார் மாஷ். பிரயோஜனமில்லை என்பதைப் பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் சொன்னது கொஞ்சம் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்கு மிளகாய் நெடி ஏறியது. மூக்கு அரித்தது. மில்லில் நாற்காலி காத்திருக்கிறது.

இனி அடையாளம், நூல் எல்லாம் உதவாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மிச்சமிருந்த நேரத்தில் தடுப்புக்குள் போய் டப்பாமேல் உட்கார்ந்து, முகமூடியை இறக்கி, கையில் எல்லாம் பிடித்து, வெல்டிங் அடிக்கிற மாதிரியே குனிந்து அண்ணாந்தேன். நெருப்பை மட்டும் பற்றவைக்கவில்லை. முகமூடியை ஒரு விரல் தூக்கி, திரைக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாவிச் சத்தம் தூரமானது. ஒரு சேஃப்டி ஷூ வந்தது. வவுனியா ஷூ, லேஸ் சிவப்பு, எனக்குத் தெரியும். அது கிரைண்டிங் மேஜைப் பக்கம் போய், டிரம் ஃபேனை மெதுவாக, பூனை பால் குடிக்கிற மாதிரி மெதுவாக, என் பக்கம் திருப்பியது. பிறகு அதன் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டது. திரைக்கு அடியில் காற்று நுழைந்து என் முழங்காலில் அடித்தது.

ஜில்லென்று ஆனது.

"மாட்டுனடா!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். எழுந்தேன் என்பது என் தரப்பு. டார்ச்சின் கேஸ் ஓஸ் காலில் சுற்றியிருந்தது. டப்பா ஒரு பக்கம் உருள, முகமூடி படாரென்று மூக்கின்மேல் இறங்க, திரையைக் கட்டிப் பிடித்தபடி நடைபாதையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். திரையும் கூட வந்தது.

"அண்ணை விழுந்திட்டார்! நான் சொன்னனான்தானே! மாஷ், ஓடி வாங்கோ, அண்ணை விழுந்திட்டார்!"

அந்தக் குரலில் நடிப்பு ஒரு துளி இல்லை. மனுஷன் அழுதேவிட்டார். ஜாக்கெட்டைக் கழற்றினார்கள், காலைத் தூக்கி டப்பாமேல் வைத்தார்கள், யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வவுனியாக்காரர் அந்த ஃபேனை இழுத்துவந்து என் முகத்துக்கு நேரே வைத்து முழு வேகத்தில் போட்டார். என்னால் பேச முடியவில்லை, மூக்கு அப்படி வலித்தது. பேசாததால் எல்லோருக்கும் இன்னும் பயமாகிவிட்டது.

கடைசியில் ஃபேனைக் கையால் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "எனக்கு மயக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தாளத்தான் பிடிக்க வந்தேன். எதுக்குப்பா ஃபேனைத் திருப்புன?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் அண்ணை. வெக்கையில மயங்கி உயிர் போய்ப் போய் வந்தது எண்டு வேனுக்க நீங்கள்தானே சொன்னியள். இந்தச் சூட்டுக்க, அந்தத் தோல் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு... ஒண்டு கிடக்க ஒண்டு ஆகிச்சுதெண்டா உங்கட பெண்சாதிக்கு ஆர் பதில் சொல்லுறது? அதான் காலுக்கு மட்டும் கொஞ்சம் காத்து விட்டனான்."

"அதை எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்கள் வேணாம் எண்டுவியள். ஃபேனைத் திருப்பினா மாஷும் ஏசுவார். அவர் வாற சத்தம் கேட்டா உடன பழையபடி வைச்சிடுவன்."

மாஷ் ஃபேனைப் பார்த்தார். திரை விழுந்துவிட்டதால் நேராகத் தெரிந்த என் குழாயைப் பார்த்தார். குனிந்து, ஃபேனின் தலையிலிருந்து குழாயின் ஆறு மணி வரைக்கும் காற்றில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"புதப்பு," என்றார். "என்டம்மே! நம்மட ஆளு புதப்பை ஊதிக் களஞ்சல்லோ!"

காலுக்கு விட்ட காற்று முழங்காலில் பட்டு மேலே ஏறி ஆர்கானைக் கலைத்திருக்கிறது. கலைந்த இடத்தில் இரும்புக்குக் காய்ச்சல். இத்தனை நாள் என் பயம் என்று நான் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டது ஒரு டிரம் ஃபேன். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கொட்டகை சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் மூக்கு வலித்தது.

வவுனியாக்காரர் மட்டும் இந்தத் தடவையும் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னாலயோ அண்ணை உங்கட வேலை பழுதாப் போச்சு?" என்றார்.

"என் வாயால, தம்பி. டேங்க் மேல நான் மயங்கவே இல்ல. தூங்கிட்டேன்."

முதல் தடவையாக அவர் கண்ணில் சந்தேகத்தைப் பார்த்தேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வியாதியை மறைக்கிறேன் என்று நினைத்தார்.

மறுநாள் டெஸ்ட். எல்லோரும் அவரவர் நம்பரைக் குழாயில் பன்ச் அடித்துவிட்டு இரண்டு சுற்றாக உள்ளே போனோம். வவுனியாக்காரருக்கு முதல் சுற்று, சீக்கிரம் முடித்துவிட்டார். நான் டப்பாமேல் உட்கார்ந்து அண்ணாந்து ஆறு மணியில் முனையை வைத்தபோது ஒரு தடவை திரைக்கு அடியில் பார்த்தேன். பழக்கதோஷம். சிவப்பு லேஸ் ஷூ நடைபாதையில் நின்றது. பக்கத்தில் ஃபேன், ஓடவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். சைட்டில் நான் சிலிண்டரோடு நிற்கிற அதே நிற்பு. கொட்டகையில் வேறு யாரும் காற்று கேட்கக்கூட இல்லை. எல்லோரும் வெந்துகொண்டே நின்றார்கள்.

கால் ஜில்லிடவில்லை. நிஜமான பயம் வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கு அரிக்கும். முகமூடிக்குள், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது, முதல் நாள் அடிபட்ட மூக்கு. கண்ணில் வேர்வை இறங்கியது. உருகின இரும்பு மட்டும் சின்னக் குளம் மாதிரி, அலையில்லாமல், கலங்காமல் நின்றது. கம்பியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று கடிகாரம் ஏறியது.

சாயங்காலம் மாஷ் என் பட்டைகளைப் பிரஸ்ஸில் வைத்தார். பன்னிரண்டு மணிப் பட்டை வளைந்தது. ஆறு மணிப் பட்டையை வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரஸ் முனகியது, நின்றது. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். லாடம். விரிசல் இல்லாத, கறுத்த, அழகான லாடம்.

நான் அதைக் கையில் வாங்கித் திருப்பினேன்.

"எந்தா சேட்டா, என்ன நோக்குறீங்க?"

"நம்பர் மாஷே. என்னோடதுதானான்னு."

என்னுடையதுதான். வவுனியாக்காரர் பட்டையும் வளைந்தது. இரண்டு பேரில் ஒருத்தர்தான் என்று டிரைவர் சொன்னதைப் பற்றி ஆபீஸில் போய்க் கேட்டேன். அப்படி ஒரு பேச்சே இல்லையாம். வேனில் திரும்பும்போது டிரைவரிடம் சண்டைக்குப் போனேன். "நான் எங்கண்ணே சொன்னேன்? அப்படி இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டேன்," என்றார்.

மச்சினனுக்கு போன் பண்ணினேன். சந்தோஷம் அத்தான், சந்தோஷம் என்றான். நாற்காலியை என்ன செய்யப் போகிறாய் என்றேன். அதில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறாராம். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை, கேட்டால் தூக்கம் போய்விடும்.

இப்போது துறைமுகப் பக்கம் ஒரே சைட்டில் இரண்டு பேரும் வெல்டராக இருக்கிறோம். கடல்காற்று ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, அதனால் வெல்டிங் அடிக்கிறவரைச் சுற்றித் தீப்பிடிக்காத துணியைக் கூடாரம் மாதிரி கட்ட வேண்டும். துணி எப்போதும் ஒரு பக்கம் குட்டையாகத்தான் வரும். அந்தப் பக்கத்தை ஒருவர் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அடிக்கும்போது அவர் பிடிப்பார், அவர் அடிக்கும்போது நான்.

நேற்று குழாயின் ஆறு மணிக்கு அடியில் நான் அண்ணாந்து உட்கார்ந்திருந்தபோது காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. துணியின் ஓரம் படபடத்தது.

"அண்ணை, கால் குளிருதோ?" என்றார் வெளியிலிருந்து.

"ஆமா தம்பி."

"காத்தோ, பயமோ?"

"நீ மொதல்ல துணியை இழுத்துப் பிடி. அப்புறம் சொல்றேன்."

இழுத்துப் பிடித்தார். கால் சூடானது. துணிக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார் என்று முகமூடியைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.